ஆத்தற ரவுண்டு

கோயம்புத்தூருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுகந்தி அங்கே வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ரோட்டில் ஓட்டுவதற்கு அல்ல. ஸ்போர்ட்ஸ் பைக்கை முழு வேகத்தில் வளைவுக்குள் விட்டு, முழங்கால் தரையில் உரசும் அளவுக்குச் சாய்த்து, விழாமல் நிமிர்த்துவதற்கு.

அவரிடம் வந்தவர்களில் வயதில் மூத்தவர் நாச்சிமுத்து. ஐம்பதைத் தாண்டியவர். பம்புசெட் பட்டறை வைத்திருந்தார். சுகந்தி அவரைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனால் மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு அவரும் 'அக்கா' என்றார். சுகந்தி அவரை 'அண்ணா' என்றார். இருவரும் இதைத் திருத்திக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு, தோல் உடையின் ஜிப்பை மேலே இழுத்தபடி நாச்சிமுத்து கேட்டார்.

"அக்கா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். நாலாம் வளைவுல நீங்க யாருக்குக் கை தூக்கறீங்க?"

சுகந்தி அவருடைய வண்டியின் செயினை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பங்ணா?"

"ஓட்டி முடிச்சு மெதுவா வருவீங்கல்ல, அப்ப. மத்த வளைவுல எல்லாம் கொடிக்காரங்க நிக்கறாங்க. அவங்களுக்குக் கை காட்டறீங்க, சரி. நாலாம் வளைவுக்குப் பந்தயத்தன்னைக்குத்தான் ஆள் போடறாங்க. பயிற்சிக்குப் போடறதில்லை. வெறும் வேலி. அங்க போய் நீங்க மறக்காமக் கையைத் தூக்கறீங்க."

"அங்க யாருமில்லைன்னு போய்ப் பார்த்தீங்களா?"

"நல்லாருக்குதே. நான் அந்த வழியாத்தானே நாளெல்லாம் போயிட்டு வர்றேன்."

"அந்த வேகத்துல வேலியே தெரியாதுங்ணா."

"அப்ப யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"மெதுவா ஒரு தடவை போயிட்டு வாங்க. சொல்றேன்."

நாச்சிமுத்து சிரித்தார். மெதுவாகச் சுற்றுவதுதான் அவர் செய்யாத ஒன்று.

எல்லாப் பந்தயத்துக்கும் கடைசியில் மெதுவாக ஒரு சுற்று உண்டு. கொடி விழுந்த பிறகு, ஜெயித்தவரும் தோற்றவரும் முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நடப்பதைப் போல ஒருமுறை தடத்தைச் சுற்றி வருவார்கள். வேலியோரம் நிற்பவர்கள் கை அசைப்பார்கள். ஓட்டியவர் இடது கையைத் தூக்குவார். இன்ஜினும் அதற்குள் சூடு தணியும். சுகந்தி அதை ஆத்தற ரவுண்டு என்பார். கொதிக்கிற பாலை அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வீர்களா என்று கேட்பார்.

நாச்சிமுத்துவுக்கு அதற்குப் பொறுமை கிடையாது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் போக விட்டிருந்த சந்துக்குள் வண்டியைத் திருப்புவார். இரண்டு நொடியில் கொட்டகைக்கு வந்துவிடலாம். அங்கே சுவரில் இருந்த திரையில் யார் எவ்வளவு நேரத்தில் சுற்றினார்கள் என்று வரும். அதைப் பார்க்காமல் அவரால் ஹெல்மெட்டைக் கழற்ற முடியாது.

"அந்தச் சந்து வழியை மூடிட்டீங்கன்னா நானும் ஒழுங்கா சுத்திட்டு வருவேன்" என்றார்.

"மூடினா ஆம்புலன்ஸ் எப்படிங்ணா போகும்?"

"அதுவும் சரிதான்."

அவர் வண்டியைத் துணியால் துடைத்தார். அவருடைய அபிமான வீரரின் எண் அதன் நெற்றியில் ஒட்டியிருந்தது. அதே எண் ஹெல்மெட்டிலும், கார் கண்ணாடியிலும், பட்டறை கேட்டிலும் இருந்தது. பேங்கில் டோக்கன் அந்த எண்ணாக வந்துவிட்டால் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருப்பார். அந்த வீரர் எந்த நாட்டில் எந்த வருடம் எந்த வளைவில் விழுந்தார் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

"செண்பகம் அக்கா எப்படி இருக்காங்க?" என்று சுகந்தி கேட்டார். செண்பகம் நாச்சிமுத்துவின் மனைவி.

"இன்னைக்குப் பெங்களூர் போறா. மக வீட்டுக்கு."

"எப்ப வர்றாங்க?"

"வரமாட்டாளாம்." மறுபடியும் சிரித்தார். "அங்கயே இருந்துக்கறாளாம். ரெண்டு மாசமா இதே பாட்டு. சும்மா மிரட்டறதுங்க்கா. மருமகன் மூஞ்சியைப் பத்து நாள் பார்த்தான்னா, சலிச்சுப்போய்த் தானா வந்துருவா."

"ஸ்டேஷனுக்கு யாரு கூட்டிட்டுப் போறது?"

"டாக்ஸி சொல்லியாச்சு."

"நீங்க போகலையா?"

"இன்னைக்குப் பயிற்சியாச்சே! இன்னும் அரை செகண்டு குறைச்சா அடுத்த மாசப் பந்தயத்துல எனக்கு இடம். நீங்கதானே சொன்னீங்க?"

சுகந்தி ஆமாம் என்று தலையசைத்தார். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு கூம்பு மூடி இருந்தது.

"முன்னாடி எல்லாம் அவங்க உங்க பின்னாடி உட்கார்ந்துதானே வருவாங்க?"

"அது பழைய வண்டியில." நாச்சிமுத்து துடைப்பதை நிறுத்தினார். "வால்பாறைக்கு எத்தனை தடவை போயிருக்கோம்! விடியறதுக்கு முன்னாடி கிளம்பிருவோம். ஆழியார்ல டீ. அப்பறம் கொண்டை ஊசி வளைவு. அதுல அவ சாயற மாதிரி யாரும் சாய முடியாதுங்க்கா. நான் நினைக்கறதுக்குள்ள சாஞ்சிருப்பா. முதுகுல ஒரு ஆள் இருக்கறதே தெரியாது."

"தெரியாது."

"தெரியவே தெரியாது!" என்றார் பெருமையாக.

"இதுல ஏன் சீட்டைக் கழட்டினீங்க?"

"ரேஸ் வண்டிக்கு ஏதுங்க்கா பின்சீட்டு? பார்க்க நல்லாவா இருக்கும்?"

கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு தடத்துக்குள் போனார்.

நாச்சிமுத்துவுக்கு வேகத்தைவிட, சாய்வதுதான் பிடிக்கும். நேர்ப்பாதையில் யாரும் போகலாம், கையை முறுக்கினால் போதும் என்பார். வளைவு வரும்போது பிரேக்கை விட்டு, இடுப்பை சீட்டிலிருந்து நகர்த்தி, தோளை முதலில் விழவிட வேண்டும். வயிற்றுக்குள் ஏதோ நழுவும். முழங்காலில் கட்டிய தேய்ப்புக் கட்டை தரையைத் தொட்டு 'கிர்ர்' என்னும். அதுவரைக்கும் மூச்சு விட மாட்டார். அதன் பிறகு வண்டி தானாக நிமிரும். இன்ஜின் ஒரு கத்துக் கத்தும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அவருக்குப் பட்டறை இல்லை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, வயது இல்லை. யாருமே இல்லை.

அவர் இரண்டாவது சுற்றில் இருந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு டாக்ஸி வந்து நின்றது. செண்பகம் இறங்கினார். கையில் மஞ்சள் பை. டிக்கி சரியாக மூடவில்லை. பெட்டிகள் நிறைய இருந்தன.

சுகந்தி கேட் வரைக்கும் போனார்.

"வாங்கக்கா. உள்ள வாங்க."

"இல்லீங் கண்ணு. உள்ள வந்தா அவங்க கூட்டத்துல டயரையும் கியரையும்தான் பேசுவாங்க. நான் நிக்கறதே தெரியாது. இதைக் கையில குடுத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டுப் போயிருவேன்."

"அவர் முடிக்கக் கொஞ்சம் நேரமாகும்."

"டாக்ஸிக்காரத் தம்பிக்கு அடுத்த சவாரி இருக்குதாம். ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு." செண்பகம் தடத்தின் பக்கம் பார்த்தார். வண்டிகள் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. "அவரு கொண்டாடுற அந்தப் பையன் விழுந்து தோள் எலும்பு ஒடைஞ்சப்ப இவரு ரெண்டு நாள் சாப்பிடலை, தெரியுமா? எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்களே, அன்னைக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உட்கார்ந்து போன்ல பந்தயம் பார்த்துட்டிருந்தாரு. கண்ணு முழிச்சதும் வந்து, 'ஜெயிச்சாச்சு'ன்னாரு. எனக்குத்தான் ஏதோ நல்லபடியா ஆச்சுன்னு சொல்றாருன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுகந்தி சிரிக்கவில்லை.

"அக்கா, ஒண்ணு பண்ணுங்க. இந்த ரோட்டோடவே போங்க. நாலாம் வளைவு ரோட்டை ஒட்டித்தான் இருக்குது. நடுவுல வேலி மட்டும்தான். ஓட்டி முடிச்சதும் ஒரு சுத்து மெதுவா வருவாரு. கண்ணாடியைத் தூக்கிட்டு, நடக்கற மாதிரி வருவாரு. கையைக் காட்டினா நிப்பாரு. உங்க கையாலயே குடுக்கலாம்."

"மெதுவா வருவாரா?"

"எல்லாரும் வருவாங்கக்கா. அதுதான் வழக்கம்."

செண்பகம் டாக்ஸியில் ஏறினார். அது ரோட்டோடு போய், டயர்ச் சுவருக்குப் பின்னால் மறைந்தது.

சுகந்தி கோட்டருகே வந்து நின்றார். நாச்சிமுத்துவுக்குக் கடைசிச் சுற்று. நேர்ப்பாதையில் அவருடைய வண்டி வருவது தூரத்திலேயே கேட்டது. சுகந்தி கொடியை வீசினார். வீசிய கையாலேயே, சுற்றிப் போ, சுற்றிப் போ என்று வட்டம் போட்டுக் காட்டினார்.

நாச்சிமுத்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சந்துக்குள் திரும்பினார்.

சுகந்தி கொட்டகைக்கு ஓடி வந்தார். அதற்குள் அங்கே கைதட்டல்.

"அரை செகண்டுக்கு மேலயே குறைஞ்சிருச்சு அக்கா! பாருங்க! திரையைப் பாருங்க!"

"செண்பகம் அக்கா வந்திருக்காங்க. நாலாம் வளைவுல நிக்கறாங்க. வண்டியைத் திருப்புங்க."

"இங்க வந்திருக்காளா? எதுக்கு?"

"ஏதோ சொல்லணுமாம். போங்கண்ணா."

"போறேன், போறேன். ஒரு நிமிஷம்." திரையோடு சேர்த்துத் தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தவர் கண்ணை மூடிவிட்டீர்கள் என்றார். இன்னொன்று எடுத்தார்கள். ஒருவர் அவருடைய டயரைக் குனிந்து பார்த்து, "சாய்ச்ச சாய்ப்புல ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்குதே! ஒரு விரக்கடைகூடப் புதுசா இல்லை! சின்னப் பசங்க டயர்லகூட இப்படி நான் பார்த்ததில்லை" என்றார். நாச்சிமுத்துவும் குனிந்து பார்த்தார். மற்றவர்களும் வந்து பார்த்தார்கள்.

சுகந்தி நாச்சிமுத்துவின் வண்டியிடம் போனார். சாவியைத் திருப்பி, அதைத் தானே கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார்.

நாச்சிமுத்து ஏறிப் போனார்.

முதல்முறையாக மெதுவாகப் போனார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் போனார். முதல் வளைவில் கொடிக்காரர் அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டு வணக்கம் வைத்தார். தடத்தின் ஓரத்தில் புல் இருந்தது. அதில் மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. இது எப்போதிலிருந்து இங்கே இருக்கிறது என்று நினைத்தார்.

நாலாம் வளைவில் வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு காலியாக இருந்தது.

வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். வேலியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. காற்றில் ஆடிக் கழன்றுவிடாதபடி அதன் காதைக் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு அவருக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது எல்லாப் பைக்கும் செண்பகம் போடும் முடிச்சு. ரோட்டோரத்து மண்ணில் செருப்புத் தடம் வேலி வரைக்கும் வந்திருந்தது. அங்கிருந்து கம்பியை ஒட்டியே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்திருந்தது.

கையுறையைக் கழற்றிவிட்டு முடிச்சை அவிழ்த்தார். வெகுநேரம் ஆனது.

அவர் திரும்பி வந்தபோது கொட்டகையில் சுகந்தி மட்டும் இருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நாச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தார். டிபன் கேரியர் இருந்தது. பிரஷர் மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது. அடியில் ஒரு சாவி.

"வீட்டுச் சாவிங்க்கா" என்றார்.

"உங்களுக்கு விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"என் சாவி என்கிட்ட இருக்குது." தோல் உடைக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினார். அதிலும் வீரரின் எண் தொங்கியது. "இது அவளோடது. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இடுப்புல இருக்கறது. மகளோட பிரசவத்துக்கு நாலு மாசம் போயிருந்தா. அப்பக்கூட எடுத்துட்டுத்தான் போனா."

இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் செண்பகம் எடுத்தார்.

"பையைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"மாத்திரை காலையில ஒண்ணு. சாப்பிட்டப்பறம்."

"உன் சாவியை எதுக்கு உள்ள போட்டே?"

டாக்ஸியின் ஹாரன் கேட்டது.

"என்னமோ சொல்லணும்னியாமே?"

"சாப்பாடு ஆறிரும். சாப்பிடுங்க" என்றார் செண்பகம். வைத்துவிட்டார்.

நாச்சிமுத்து போனை பெஞ்சில் வைத்தார். கேரியரைத் திறக்கவில்லை. வெளியே அவருடைய வண்டி 'டிக், டிக்' என்று ஆறிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க அவளை உள்ள கூட்டிட்டு வந்து நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

"நிறுத்தியிருக்கலாம். மெதுவா வருவாருன்னு நான்தான் அங்க போகச் சொன்னேன். தப்புத்தாங்ணா."

"உங்களைச் சொல்லலை."

"தெரியும்."

நாச்சிமுத்து பையை நகர்த்தி இடம் விட்டுக் கேட்டார். "நீங்க யாருக்குங்க்கா கை தூக்கறீங்க?"

சுகந்தி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

"தியாகுன்னு ஒருத்தர். எங்க வீட்டுக்காரரா இருந்தவர்."

"கேள்விப்பட்டிருக்கேன். பிரிஞ்சுட்டீங்கன்னு."

"நான் பந்தயம் ஓட்டறது அவருக்குப் பிடிக்காது. பிடிக்காதுன்னா, பயம். அதைப் பயம்னு சொல்லத் தெரியாது அவருக்கு. கோபம்னுதான் காட்டத் தெரியும். ஒரு நாள் பெரிய சண்டை. 'செத்தாலும் அந்த கேட்டுக்குள்ள காலை வைக்க மாட்டேன்'னாரு. 'வராதே போ'ன்னேன்."

"வரலையா?"

"நான் எல்லாப் பந்தயத்துலயும் ரெண்டாவதோ மூணாவதோ வருவேன். ஜெயிக்கவே மாட்டேன். கோட்டைத் தாண்டினதும் ஆத்திரமா வரும். ஆத்தற ரவுண்டுக்கு யாரு போவா? தோத்த மூஞ்சியை ஊருக்கெல்லாம் காட்டணுமான்னு இந்தச் சந்துக்குள்ள திரும்பிருவேன். இப்ப நீங்க திரும்பறீங்களே, அந்த மாதிரி. நீங்க டயம் பார்க்க. நான் அழ."

நாச்சிமுத்து சந்தின் பக்கம் பார்த்தார்.

"கடைசியில குடும்பக் கோர்ட்டு வரைக்கும் போச்சு. என்ன குறைன்னு கேட்டாங்க. 'இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் ஓட்டறதைப் பார்க்க இவர் அந்த கேட்டுக்குள்ள வந்ததில்லை'ன்னு சொன்னேன். அவரைப் பார்த்து, உண்மையான்னு கேட்டாங்க. தலையைக் குனிஞ்சுட்டு, 'உண்மைதாங்க'ன்னாரு. அவ்வளவுதான். கையெழுத்தாயிருச்சு."

சுகந்தி பக்கத்தில் கிடந்த கொடியைச் சுருட்டினார்.

"அதுக்கப்பறம் ஒரு பந்தயம் வந்துது. முடிஞ்சு வெளிய போறேன். நாலாம் வளைவுல கொடி பிடிக்கற பெரியவர் கூப்பிட்டு, 'என்னம்மா, உங்க வீட்டுக்காரர் இந்தத் தடவை வரலையா?'ன்னாரு. 'எந்தத் தடவைங்க வந்தாரு?'ன்னேன். 'எல்லாத் தடவையும்தான்'னாரு."

நாச்சிமுத்து தலையை நிமிர்த்தினார்.

"வேலிக்கு அந்தப் பக்கம், ரோட்டுல. கேட்டுக்குள்ள காலை வைக்கலை பாருங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. நான் அந்த வளைவுல சாயும்போதெல்லாம் திரும்பி நின்னுக்குவாராம். சத்தம் தாண்டிப் போனப்பறம்தான் கண்ணைத் திறப்பாராம். பந்தயம் முடிஞ்சு எல்லாரும் மெதுவா வரும்போது கம்பியைப் பிடிச்சுட்டுக் கிட்ட வருவாராம். ஒவ்வொரு வண்டியா எண்ணைப் பார்ப்பாராம். கையைப் பாதி தூக்குவாராம். 'எல்லா வண்டியும் போயிரும்மா, உன் வண்டி மட்டும் வராது. இறக்கிக்குவாரு'ன்னாரு பெரியவர்."

"கோர்ட்டுல இதைச் சொல்லியிருக்கலாமே அவரு!"

"கேட்டுக்குள்ள வந்தாரான்னுதானே நான் கேட்டேன்."

நாச்சிமுத்துவின் கை மாத்திரை அட்டையின் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"இப்ப எங்க இருக்காரு?"

"திருப்பூர்ல. கல்யாணம் ஆயிருச்சு. ஒரு பொண்ணு. நல்லா இருக்காரு."

"போய் ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு?"

"யாருக்காகங்ணா? அவருக்காகவா, எனக்காகவா?"

வெளியே, முன்பு கைதட்டியவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தூரத்திலிருந்தே, "அண்ணா, பந்தயத்துக்கு உங்க பேரை எழுதிரலாமா?" என்று கத்தினார். நாச்சிமுத்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சட்டென்று எழுந்தார்.

"ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க்கா. அவ எப்பவும் முன்னாடியே போய் உட்கார்ந்துக்குவா." ஹெல்மெட்டை எடுத்தார். "எவ்வளவு வேகமாப் போனா பிடிக்கலாம்?"

சுகந்தி கொட்டகைக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது தன்னுடைய பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். காய்கறி வாங்கவும் தண்ணீர் கேன் தூக்கவும் வைத்திருந்த வண்டி. கொக்கியில் இன்னொரு ஹெல்மெட் தொங்கியது.

சாவியை அவரிடம் நீட்டினார்.

"இதுலயா?"

"இதுல பின்சீட்டு இருக்குதுங்ணா."

நாச்சிமுத்து ஸ்கூட்டரைப் பார்த்தார். தன் வண்டியைப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த கூம்பு மூடி வெயிலில் பளபளத்தது.

"இது அறுபதுகூடப் போகாதே."

"போகாது."

"நான் போய்ச் சேர்றதுக்குள்ள ரயில் போயிருமேக்கா."

"போயிருக்கலாம்."

"அப்பறம் அங்க போய் நான் என்ன பண்றது?"

"கையைத் தூக்குங்க."

"ஆளே இல்லாத இடத்துலயா?"

சுகந்தி நாலாம் வளைவின் பக்கம் பார்த்தார்.

"நான் தூக்கறேனேங்ணா" என்றார்.